அந்த ப்ரொசீஜர யாருடா கூப்பிடுறது? டிரிகர் தேடி அலைஞ்ச கதை

டேட்டாபேஸுக்குள்ள இருக்குற ஒரு ப்ரொசீஜருக்கு (பேரு வச்சு எழுதி வச்ச கோடு, பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஓடும்) ஒரே ஒரு பாராமீட்டர் (கூப்பிடும்போது குடுக்க வேண்டிய தகவல்) சேக்கணும், அவ்வளவுதான் வேலைன்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன்.

மொரீஷியஸ்ல அரிசி, பருப்பு, டின் சாமான் மொத்த வியாபாரம் பண்ற ஒரு கம்பெனிக்கு நாங்க சாஃப்ட்வேர் பாத்துக்கிறோம். எங்க ஆபீஸ் எபேன்ல, அவங்க குடோன் போர்ட் லூயிஸ் பக்கம். இத்தன வருஷமா ஒரே குடோன்தான், அதனால ஸ்டாக்க ஏத்தி எறக்குற ப்ரொசீஜருக்கு எந்த குடோன்னு யாரும் சொல்லவே வேண்டியதில்ல. இப்ப ரொட்ரிக்ஸ் தீவுல போர்ட் மத்தூரின்ல ரெண்டாவது குடோன் தொறக்கப்போறாங்க, இங்கேருந்து சுமார் 560 கிலோமீட்டர் கெழக்க கடலுக்கு நடுவுல இருக்கு, சரக்கு கப்பல்ல போய் சேரணும், அங்க இருக்குற ஸ்டாக்க இங்க இருக்குன்னு காட்டி யாராவது பில் போட்டா முடிஞ்சது கதை. ஸோ யூஎஸ்பி_ஸ்டாக்_அப்டேட்னு இருக்குற ப்ரொசீஜருக்கு குடோன் நம்பர்னு ஒரு பாராமீட்டர்.

டிஃபால்ட் வேல்யூ (யாரும் சொல்லலன்னா எடுத்துக்கறது) 1, அதாவது போர்ட் லூயிஸ்னு போட்டுட்டா பழசு எதுவும் ஒடையாதேன்னு கேப்பீங்க. ஒடையாதுதான், ஆனா எந்த டிரிகர (டேபிள்ல மாத்தம் நடந்தா தானா ஓடுற கோடு) நான் மாத்த மறந்தேனோ அது சத்தமே போடாம ரொட்ரிக்ஸ் சரக்க போர்ட் லூயிஸ் கணக்குல ஏத்திக்கிட்டே இருக்கும், ஆறு மாசம் கழிச்சு ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியும். அதுக்கு எரர் அடிச்சு நிக்கிறதே மேல்னு டிஃபால்ட் இல்லாம போட்டேன். இப்பவும் அது சரின்னுதான் சொல்வேன், ஆனா அதுக்கு முன்னாடி யார் யார் அத கூப்பிடுறாங்கன்னு முழு லிஸ்ட் கையில இருக்கணும், என் கையில இருந்தது முக்கால் லிஸ்ட்.

டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர் 2016. உள்ள இருக்குற கோடு அதுக்கும் ரொம்ப முன்னாடி யாரோ எழுதுனது, எழுதுனவர் இப்ப இல்ல, பேரெல்லாம் பாதி இங்கிலீஷ் பாதி பிரெஞ்சு, கமெண்ட் (ஓடாத குறிப்பு) கிரியோல்ல, இந்த ஊர் பேச்சு மொழி. மொத்தம் 61 டிரிகர். மத்த ப்ரொசீஜர்கள்லேருந்து நேரா கூப்பிடுறது 11 இடம், அதுல பெரிய வம்பு இல்ல. வம்பெல்லாம் டிரிகர்லதான், ஏன்னா டிரிகர யாரும் கூப்பிடுறதில்ல, டேபிள்ல ஒரு வரி விழுந்தா அதுவா எந்திரிக்கும், அப்ளிகேஷன் கோட எவ்வளவு தேடுனாலும் அதோட பேரு வராது.

குவெரியெல்லாம் (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி) வாயால சொல்ற மாதிரியே எழுதிட்டுப் போறேன், எஸ்க்யூஎல் பழகுனவங்களுக்குப் படிச்சவுடனே கை தானா அடிச்சிரும்.

மொதல்ல பழைய பழக்கத்துல, யாரு யார பயன்படுத்துறாங்கன்னு சொல்ற எஸ்பி_டிபெண்ட்ஸ் ஓட்டுனேன். இந்த ஆப்ஜெக்ட யாரும் பயன்படுத்தலன்னு வந்துச்சு. கூசாம பொய் சொல்லுது. காரணம் என்னன்னா அது பழைய காலத்து சமாச்சாரம், ஆப்ஜெக்ட் ஐடிய (ஒவ்வொண்ணுக்கும் சர்வர் குடுக்குற நம்பர்) வச்சுத்தான் யாருக்கு யாரு உறவுன்னு குறிச்சு வச்சிருக்கும், எங்க டெப்ளாய் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் ப்ரொசீஜர ட்ராப் பண்ணி (அழிச்சு) திரும்ப கிரியேட் பண்ணும், ட்ராப் பண்ணவுடனே ஐடி போச்சு, உறவும் போச்சு. மைக்ரோசாஃப்டே அத கைவிட்டாச்சு, நீங்களும் விட்ருங்க.

அடுத்து 2008 வெர்ஷன்லேருந்து இருக்குற சிஸ்.எஸ்க்யூஎல்_எக்ஸ்ப்ரஷன்_டிபெண்டென்சீஸ். இது நல்ல வ்யூ (டேபிள் மாதிரியே படிச்சுக்கலாம்), பேர வச்சே குறிச்சு வைக்கும், ட்ராப் பண்ணி கிரியேட் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது. இத சிஸ்.டிரிகர்ஸோட ஜாயின் பண்ணேன், டிரிகரோட ஆப்ஜெக்ட்_ஐடி இங்க ரெஃபரன்சிங்_ஐடிக்கு சமம், அப்புறம் ரெஃபரன்ஸ்டு_ஐடி நம்ம ப்ரொசீஜரோட ஆப்ஜெக்ட் ஐடிக்கு சமம்னு கண்டிஷன் போட்டேன். 3 டிரிகர் வந்துச்சு.

3தானான்னு ஒரு சந்தேகம். விலைப்பட்டியல் டேபிள்ல இருக்குற டிரிகர் ஒண்ணு அத கூப்பிடுறத என் கண்ணால பாத்திருக்கேன், அது லிஸ்ட்ல இல்ல. தொறந்து பாத்தா எக்ஸெக் (ப்ரொசீஜர ஓட்டுற கட்டளை) போட்டு நேரா ப்ரொசீஜர் பேரு, முன்னாடி டிபிஓ இல்ல, அதுதான் ஸ்கீமா பேரு, டேட்டாபேஸுக்குள்ள பிரிச்சு வச்ச ஒரு பகுதி. வந்த 3லயும் டிபிஓ புள்ளி வச்சு எழுதியிருக்கு. இங்கதான் விஷயம். ஸ்கீமா பேரு சொல்லாம எக்ஸெக் போட்டா, அது எந்த ஸ்கீமாவோட ப்ரொசீஜர்னு ஓடுற நேரத்துலதான் முடிவாகும், கூப்பிடுற ஆளப் பொறுத்தது. அதனால சர்வர் என்ன பண்ணும், பேர மட்டும் எழுதி வச்சுக்கிட்டு ரெஃபரன்ஸ்டு_ஐடிய நல்னு (மதிப்பே இல்லாம) விட்ரும், பக்கத்துல இஸ்_காலர்_டிபெண்டென்ட்னு ஒரு காலம்ல (டேபிள்ல மேலேருந்து கீழ போற பத்தி) 1ன்னு குறிச்சிரும். நான் ஐடிய வச்சு தேடுனா நல் எப்படி மாட்டும்? இண்டர்நெட்ல கெடைக்கிற பாதி குவெரி இப்படி ஐடி வச்சுத்தான் எழுதியிருக்கு. ரெஃபரன்ஸ்டு_என்டிட்டி_நேம் காலத்துல பேர வச்சு தேடுங்க. அப்படி தேடுனதும் 3 போய் 5 ஆச்சு. அதுல ஒண்ணு இஸ்_டிஸேபிள்டு 1, நிறுத்தி வச்ச டிரிகர். அது தூங்குதுன்னு ஓரமா வச்சேன். இந்த வரிய ஞாபகம் வச்சுக்கங்க.

இந்த வ்யூவுக்கு ஒரு குருட்டுப் பக்கம் இருக்கு, டைனமிக் எஸ்க்யூஎல், அதாவது கோட எழுத்தா ஒட்டி வச்சு ஓடுற நேரத்துல ஓட்டுறது. ஸ்ட்ரிங்குக்குள்ள எழுதுன எதையும் அது பாக்காது. அதனால டெக்ஸ்ட் தேடல்: சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ்ல டெஃபினிஷன் லைக், ரெண்டு பக்கமும் சதவீதக் குறி, நடுவுல ப்ரொசீஜர் பேரு, சிஸ்.டிரிகர்ஸோட ஜாயின்.

பூஜ்யம் வந்துச்சு. ரெண்டு நிமிஷம் தலைய சொறிஞ்சேன். இந்தத் தேடல மட்டும் லைவ் சர்வர்ல ஓட்டுனேன், வெறும் படிக்க மட்டும் உரிமை இருக்குற லாகின்ல உக்காந்திருந்தேன், வ்யூ டெஃபினிஷன் உரிமை இல்லன்னா கோடு கண்ணுக்கே தெரியாது, எரரும் வராது. லாகின் மாத்துனதும் 8.

8ல ஒண்ணு கமெண்ட்ல யூஎஸ்பி ஸ்டாக் அப்டேட்னு எடம் விட்டு எழுதுனது. லைக்ல அண்டர்ஸ்கோர்னா ஏதோ ஒரு எழுத்துன்னு அர்த்தம், எடத்தையும் ஏத்துக்கும். அண்டர்ஸ்கோர சதுர அடைப்புக்குள்ள போட்டா சரியாயிடும், 7 ஆச்சு. இன்னொண்ணு முன்னாடி ரெண்டு சின்னக் கோடு கிழிச்சு கமெண்ட் ஆக்குன, நம்ம ப்ரொசீஜர கூப்பிடுற பழைய வரி. ஆக தெரிஞ்ச 5, புதுசா 1, அந்தப் புதுசு எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல்ல (டைனமிக் எஸ்க்யூஎல் ஓட்டுற கட்டளை) முழு ப்ரொசீஜர் பேரையும் மேற்கோள் குறிக்குள்ள எழுதி ஓட்டுறது.

கூடவே ரெண்டு செக்கிங். சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ்ல டெஃபினிஷன் நல்னு காலியா இருக்குற டிரிகர் ஏதாவது இருக்கான்னு பாத்தேன், 2 இருந்துச்சு, வித் என்க்ரிப்ஷன் போட்டு பூட்டுனது. பழைய ஸ்கிரிப்ட் ஃபோல்டர்ல அதோட ஒரிஜினல் கெடச்சுது, நல்லவேளை அதுல நம்ம ஆளு இல்ல. அப்புறம் சிஸ்காமெண்ட்ஸ்னு பழைய டேபிள்ல தேடாதீங்க, அதுல கோட 4000 எழுத்துக்கு ஒரு துண்டா வெட்டி வச்சிருக்கும், நீங்க தேடுற பேரு சரியா வெட்டு விழுற எடத்துல மாட்டுனா பாதி மேல பாதி கீழ, கெடைக்கவே கெடைக்காது. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரொட்டீன்ஸும் மொத 4000 எழுத்தோட நிறுத்திக்கும், அதுல டிரிகரே கெடையாது.

ஓடுற 5 டிரிகரையும் மாத்துனேன், டெஸ்ட்ல பில் போட்டேன், ரசீது போட்டேன், எல்லாம் ஓகே. 2025 பிப்ரவரி 10, திங்கக்கெழம சாயங்காலம் லைவ்ல ஏத்தினேன். மறுநாள் தைப்பூசம், இங்க அது நாடு முழுக்க அரசு விடுமுறை, யாரும் பில் போட மாட்டாங்க, ஏதாவது ஆனாலும் ஒரு நாள் கையில இருக்குன்னு ஒரு தைரியம். கத்ர் போர்ன்ல மலையடி முருகன் கோயிலுக்கு, இங்க கோவில் மொந்தாஞ்னு சொல்வாங்க, அங்க போயிட்டு வந்தேன், எங்க ஆபீஸ் தம்பி காவடி எடுத்தான், பத்து நாள் விரதம் இருந்து. அன்னிக்கு பூரா ஃபோன் வரல.

புதன்கெழம காலைல 8:40க்கு வந்துச்சு. குடோன்ல ரிட்டர்ன் பாக்குற அக்கா. "லி பா பெ மார்சே"ன்னாங்க, வேலை செய்யலையாம். திரும்பி வந்த சரக்க என்ட்ரி போட்டா எரர் 201, ப்ரொசீஜர் ஒரு பாராமீட்டர எதிர்பாக்குது நீ குடுக்கலன்னு. டிரிகருக்குள்ள எரர் வந்தா சும்மா எரரோட போகாது, டிரிகருக்குள்ள எக்ஸாக்ட்_அபார்ட்ங்கற அமைப்பு தானா ஆன்ல இருக்கும், மொத்த ட்ரான்ஸாக்‌ஷனும் ரோல்பேக், நடந்ததெல்லாம் நடக்காத மாதிரி ஆயிரும். அக்கா 40 வரி டைப் பண்ண என்ட்ரி காத்தோட போச்சு. அவங்க என்ன திட்டல, "அய்யோ"ன்னு மட்டும் சொன்னாங்க. கிரியோல்லயும் அய்யோவுக்கு அய்யோதான், எனக்கு அது இன்னும் வலிச்சுது.

ரொட்ரிக்ஸ் குடோன் இன்னும் தொறக்கலங்கறதால அன்னிக்கு மட்டும் பாராமீட்டருக்கு டிஃபால்ட் 1 போட்டு ரத்தத்த நிறுத்துனேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் நிதானமா ரிட்டர்ன் டேபிளோட டிரிகர தொறந்தேன்.

உள்ள என்ன இருக்குன்னா, ஒரு வேரியபிள்ல யூஎஸ்பி_ஸ்டாக்_னு பாதி பேரு, அதோட கூட்டல் குறி, அடுத்து திரும்பி வந்த சரக்கு நல்லா இருந்தா அப்டேட், டேமேஜ்னா ரிசர்வ்னு மீதி பேரு, ரெண்டையும் ஒட்டி எக்ஸெக். முழுப் பேரு அந்தக் கோட்ல எங்கயுமே எழுதியிருக்காது! எந்த டெக்ஸ்ட் தேடல்லயும் வராது. எழுதுனவர் அன்னிக்கு ஒரு இஃப் எல்ஸ மிச்சம் பண்ணியிருக்காரு, அவ்வளவுதான்.

தம்பி அன்னிக்குத்தான் லீவு முடிஞ்சு வந்தான், தோள்பட்ட வலியோட. அவன் இந்த ஊர்லயே பொறந்தவன், வீட்ல கிரியோல், தமிழ் பள்ளிக்கூடத்துல படிச்சது, அதனால என்கிட்ட பேசும்போது பாடப்புத்தகம் மாதிரியே பேசுவான், நான் மதுரத் தமிழ்ல பேசுவேன், ரெண்டு பேரும் பேசுறதக் கேட்டா செய்தி வாசிக்கிறவரும் டீக்கடக்காரரும் பேசுற மாதிரி இருக்கும். கதைய சொன்னேன். "அண்ணா, நீங்கள் பெயரைத் தேடுகிறீர்கள். அழைக்கிறவனைத் தேடவில்லை"ன்னான். விரதம் இருந்தா புத்தி இப்படித்தான் வேல செய்யும் போல.

ரெண்டாவது ரவுண்டு, இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்து.

ஒட்டுப் போட்ட பேர எப்படிப் பிடிக்கிறது? பேர விட்டுட்டு பழக்கத்தத் தேடணும். 61 டிரிகர்ல எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் இருக்குறது, எக்ஸெக்குக்கு அப்புறம் அடைப்புக்குறி வர்றது, எக்ஸெக்குக்கு அப்புறம் அட் குறி போட்ட வேரியபிள் வர்றது, இந்த மூணையும் தேடுனோம். மூணாவத மறந்துடாதீங்க, எக்ஸெக் போட்டு ஒரு வேரியபிள்ல ப்ரொசீஜர் பேர வச்சு நேராவே கூப்பிடலாம், அதுக்கு டைனமிக் எஸ்க்யூஎல் மாதிரி அடைப்புக்குறிகூட வேணாம். ரிட்டர்ன்வேல்யூ வாங்குறதுக்கும் எக்ஸெக்குக்குப் பின்னாடி அட் குறி வரும்ங்கறதால கொஞ்சம் குப்பையும் சேந்து வரும். மொத்தம் 9 வந்துச்சு, ஒம்போதையும் உக்காந்து கண்ணால படிச்சோம். வேற குறுக்கு வழி எனக்குத் தெரியல. நம்ம ரிட்டர்ன் டிரிகரும், மொத ரவுண்டுலயே கெடச்ச அந்த எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் டிரிகரும் தவிர மத்ததெல்லாம் வேற வேல.

அடுத்து சினனிம், ஒரு ஆப்ஜெக்டுக்கு வைக்கிற மாத்துப் பேரு. சிஸ்.சினனிம்ஸ்ல பேஸ்_ஆப்ஜெக்ட்_நேம் காலத்த பாத்தா இந்த டேட்டாபேஸ்ல ஒண்ணுமில்ல. சர்வர்ல இருக்குற மத்த டேட்டாபேஸையும் பாக்கலாம்னு தம்பிதான் சொன்னான். கவுண்டர் பில்லிங்குக்குத் தனியா ஒரு டேட்டாபேஸ், அதுக்குள்ள ஸ்டாக்னு ஒரு சினனிம், அது நம்ம டேட்டாபேஸோட யூஎஸ்பி_ஸ்டாக்_அப்டேட்ட காட்டுது, அங்க ஒரு டிரிகர் அந்த சினனிம எக்ஸெக் பண்ணுது! வேற டேட்டாபேஸ், வேற பேரு, நம்ம பக்கத்துலேருந்து எத்தன தேடுனாலும் வராது. டிபெண்டென்சி வ்யூவும் சரி மாட்யூல்ஸ் வ்யூவும் சரி, தன்னோட டேட்டாபேஸ்ல என்ன இருக்கோ அத மட்டுந்தான் சொல்லும், அதனால ஒவ்வொரு டேட்டாபேஸா போய் ஓட்டணும். கவுண்டர்ல புதன்கெழம யாரும் திட்டலயேன்னா, நான் டிஃபால்ட் போட்டதுக்கு அப்புறம்தான் கவுண்டர் தொறந்துச்சு. பொழச்சோம்.

அப்புறம் சுத்தி வளைச்சு வர்றது. டிரிகர் நேரா நம்ம ப்ரொசீஜர கூப்பிடாது, இன்னொரு ப்ரொசீஜர கூப்பிடும், அது நம்மள கூப்பிடும். நடுவுல இருக்குற ப்ரொசீஜர் எந்த குடோன்னு எங்கேருந்து தெரிஞ்சுக்கும்? டிரிகர்தான் சொல்லணும், அதனால டிரிகரையும் மாத்தணும். இதுக்கு ஒரு ரிகர்சிவ் சிடிஇ (தன் விடையவே வச்சு அடுக்கடுக்கா மேல தேடுற குவெரி): மொத அடுக்குல நம்ம ப்ரொசீஜர் பேர நேரா கூப்பிடுறவங்க, அடுத்த அடுக்குல அவங்கள பேர வச்சு கூப்பிடுறவங்க, அப்படியே மேல ஏறி, கடைசியா டைப் டிஆர்னு (டிரிகர்னு அர்த்தம்) இருக்குறத மட்டும் வடிகட்டி எடுக்கணும். மொத தடவ ஓட்டுனப்ப 100 தடவ சுத்தி முட்டி நின்னுச்சு, ரெண்டு ப்ரொசீஜர் ஒண்ண ஒண்ணு கூப்பிட்டுக்குது. வந்த பாதைய ஒரு ஸ்ட்ரிங்ல கோத்துக்கிட்டே போய், ஏற்கனவே பாதையில இருக்குற பேரு திரும்ப வந்தா விட்ருன்னு கண்டிஷன் போட்டதும் சரியாச்சு. ஆழம் 32க்கு மேல போக விடாதீங்க, சர்வரே 32 அடுக்குக்கு மேல ஓட விடாது. இதுல 2 டிரிகர் புதுசா கெடச்சுது.

இந்த ரெண்டுல ஒண்ணுலதான் எனக்கு ரெண்டாவது அடி, டெஸ்ட்லங்கறதால வெளிய தெரியல. பில் வரி டேபிள்ல இன்சர்ட்டுக்கு 3 டிரிகர் இருக்கு. ஒண்ணு பெட்டிக் கணக்க டின் கணக்கா மாத்தும், 10 பெட்டின்னா ஒரு பெட்டிக்கு 24, 240 டின். அந்த வேல முடிஞ்சப்புறம்தான் ஸ்டாக் டிரிகர் ஓடணும். அதுக்காக யாரோ நல்ல மனுஷன் எஸ்பி_செட்டிரிகர்ஆர்டர் போட்டு ஸ்டாக் டிரிகர லாஸ்ட்னு வச்சிருக்காரு. நான் ஆல்டர் டிரிகர் போட்டு புது பாராமீட்டர சேத்தேன், டெஸ்ட் பில் போட்டேன், ஸ்டாக்ல 240 கொறயணும், 10 கொறஞ்சுது. ஆல்டர் பண்ணா ஃபர்ஸ்ட், லாஸ்ட் ரெண்டு குறியும் அழிஞ்சிரும், திரும்ப நாமதான் எஸ்பி_செட்டிரிகர்ஆர்டர் ஓட்டணும், எந்த எச்சரிக்கையும் வராது. சிஸ்.டிரிகர்_ஈவெண்ட்ஸ்ல இஸ்_ஃபர்ஸ்ட், இஸ்_லாஸ்ட்னு காலம் இருக்கு, ஆல்டருக்கு முன்னாடி அத ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. ஒரு டேபிள்ல எத்தன டிரிகர் இருந்தாலும் மொதல் யாரு கடைசி யாருன்னு மட்டுந்தான் சொல்ல முடியும், நடுவுல இருக்குறவங்க அவங்க இஷ்டம்.

தம்பி இதக் கேட்டுட்டு பர்ஸ்லேருந்து ஒரு ரூவா நோட்ட எடுத்துக் காட்டுனான். மொரீஷியஸ் நோட்டுல இங்கிலீஷ், அடுத்து தமிழ், அடுத்து இந்தி. 1998ல புது நோட்டு அடிச்சப்ப தமிழ கீழ தள்ளி இந்திய மேல போட்டுட்டாங்க, இங்க இருக்குற தமிழ் ஜனங்க பெருசா எதிர்ப்பு காட்டி அந்த நோட்டையே திரும்ப வாங்க வேண்டியதாப்போச்சு. "வரிசை மாறினால் எங்கள் ஊரில் நோட்டே செல்லாது அண்ணா"ன்னான். ஸ்டாக் டிரிகருக்கும் யாராவது ஊர்வலம் போயிருந்தா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

இதுவரைக்கும் பாத்ததெல்லாம் எழுதி வச்சத படிச்சது. நெஜமா யாரு கூப்பிடுறாங்கன்னு ஓடும்போது பிடிக்கணும். ப்ரொசீஜர் தலையிலயே ஒரு லாக் டேபிளுக்கு இன்சர்ட் போடலாம்னு நெனச்சேன், டிரிகர்_நெஸ்ட்லெவல் ஃபங்ஷன் வச்சா டிரிகருக்குள்ளேருந்து வந்ததா இல்லையான்னு தெரியும், ஆனா எந்த டிரிகர்னு சொல்லாது. அட் அட் ப்ராக்ஐடி இருக்கேன்னா, அது ஓடிக்கிட்டு இருக்குற ஆளோட சொந்தப் பேரத்தான் சொல்லும், கூப்பிட்ட ஆளு பேர சொல்லாது. அது போக ட்ரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனா லாக் வரியும் சேந்து போயிரும், எந்தத் தடவ கூப்பிட்டது ஒடஞ்சுதோ அதுவேதான் காணாமப் போகும்.

அதனால எக்ஸ்டெண்டட் ஈவெண்ட்ஸ், சர்வருக்குள்ள நடக்குறத ஓடும்போதே பதிவு பண்ற வசதி. எஸ்பி_ஸ்டேட்மென்ட்_கம்ப்ளீட்டட் ஈவெண்ட், ஃபில்டர்ல நம்ம ப்ரொசீஜரோட ஆப்ஜெக்ட்_ஐடி, ஆக்‌ஷன்ல டிஎஸ்க்யூஎல்_ஸ்டேக் (யாரு யார கூப்பிட்டு வந்தாங்கங்கற அடுக்கு), டார்கெட் ஃபைல். ஃபில்டர் இல்லாம லைவ்ல இத ஓட்டவே ஓட்டாதீங்க, ஒவ்வொரு ஸ்டேட்மென்டுக்கும் ஒரு வரி கொட்டும். ப்ரொசீஜருக்குள்ள 14 ஸ்டேட்மென்ட் இருந்ததால ஒரு தடவ கூப்பிட்டா 14 வரி வந்துச்சு, லைன் நம்பர் வச்சு மொத ஸ்டேட்மென்ட மட்டும் வடிகட்டுனோம். ப்ரொசீஜர ஆல்டர் பண்ணா ஐடி மாறாது, ஆனா எங்க ஸ்கிரிப்ட் மாதிரி ட்ராப் பண்ணி கிரியேட் பண்ணா ஐடி மாறும், ஃபில்டர் வாயப் பொளந்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும். அந்தப் பழக்கத்த இதோட நிறுத்தியாச்சு.

ஸ்டேக்குல ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஹேண்டில் (அந்தக் கோடுக்கான அடையாளம்), ஒரு லைன் நம்பர். மொத அடுக்கு நம்ம ப்ரொசீஜர், ரெண்டாவது அடுக்கு யாரு கூப்பிட்டாங்களோ அவங்க. ஹேண்டில் சுழியம் எக்ஸ்னு ஆரம்பிக்கிற எழுத்தா வரும், கன்வர்ட்ல ஸ்டைல் 1 போட்டு வார்பைனரியா மாத்தி சிஸ்.டிஎம்_எக்ஸெக்_எஸ்க்யூஎல்_டெக்ஸ்ட்டுக்கு குடுத்தா டேட்டாபேஸ் ஐடியும் ஆப்ஜெக்ட் ஐடியும் வந்துரும். ரிட்டர்ன் டிரிகர் மாதிரி வேரியபிள் வழியா வந்தாலும் சரி, சினனிம் வழியா வந்தாலும் சரி, இங்க ஒளிய முடியாது. எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் வழியா வந்தா ரெண்டாவது அடுக்குல ஆப்ஜெக்ட் ஐடி நல்னு காலியா இருக்கும், பயப்படாதீங்க, அது டைனமிக் துண்டு, அதுக்கும் மேல ஒரு அடுக்கு ஏறுனா டிரிகர் நிக்கும்.

இதுக்கும் ஒரு கொற இருக்கு, ஓடுனாத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒருக்கா ஓடுற டிரிகர பிடிக்க வருஷம் பூரா காத்திருக்கணும். அதனாலதான் படிக்கிறதும் வேணும், பிடிக்கிறதும் வேணும்.

நடுவுல இன்னொண்ணு, சிஸ்.டிரிகர்ஸ்ல பேரண்ட்_கிளாஸ் 0ன்னு வந்தா அது டேபிள் டிரிகர் இல்ல, டேட்டாபேஸ் மேல இருக்குற டிடிஎல் டிரிகர் (டேபிள், ப்ரொசீஜர் அமைப்ப மாத்துனா எந்திரிக்கிறது), சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ் பக்கம் போய் தேடுனா அது வராது. எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு, யாரு டேபிள மாத்துறாங்கன்னு லாக் போடும், அவ்வளவுதான். சர்வர் லெவல் டிரிகர் சிஸ்.சர்வர்_டிரிகர்ஸ்ல தனியா இருக்கும், அங்க காலி.

தம்பியோட கூட்டாளி ஒருத்தர் ஆரக்கிள்ங்கற வேற டேட்டாபேஸ் பாக்குறவரு, அவரு சிரிச்சாராம், ஆல்_டிபெண்டென்சீஸ்ல டைப் டிரிகர், ரெஃபரன்ஸ்டு_நேம் ப்ரொசீஜர் பேருன்னு ஒரு குவெரி, முடிஞ்சுதுன்னு. அங்கயும் எக்ஸிக்யூட் இமீடியட் போட்டா ஒளிஞ்சிரும், அத அவரு சொல்லல. போஸ்ட்கிரெஸ்ல டிரிகர்னா ஒரு ஃபங்ஷனத்தான் கூப்பிடும், பிஜி_டிரிகர்ல டிஜிஎஃப்ஒஐடி வச்சு அந்த ஃபங்ஷன் யாருன்னு உடனே தெரியும், ஆனா அந்த ஃபங்ஷன் உள்ள யார கூப்பிடுதுன்னு பிஜி_ப்ராக்ல ப்ராஎஸ்ஆர்சி டெக்ஸ்டத்தான் தேடணும். மைஎஸ்க்யூஎல்ல இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டிரிகர்ஸ்ல ஆக்‌ஷன்_ஸ்டேட்மென்ட், அங்க டிரிகருக்குள்ள டைனமிக் எஸ்க்யூஎல்லே அனுமதி இல்ல, அந்த ஒரு விஷயத்துக்கு அவங்கமேல எனக்குப் பொறாம.

லிஸ்ட் இப்ப: மொத ரவுண்டு 5, ரிட்டர்ன் 1, கவுண்டர் டேட்டாபேஸ் 1, சுத்தி வளைச்சது 2. மொத்தம் 9. எல்லாத்தையும் மாத்தி, வரிசைய திரும்ப வச்சு, பிப்ரவரி 21 சாயங்காலம் டிஃபால்ட தூக்கலாம்னு கெளம்புனேன்.

தம்பி லிஸ்ட்ட பாத்துக்கிட்டே "அந்த நிறுத்திவைத்த டிரிகர்?"னான்.

அது டிஸேபிள்டா, தூங்குதுப்பா, விடுன்னேன்.

"தூங்குகிறதா, இறந்துவிட்டதா அண்ணா?"

எரிச்சலாத்தான் இருந்துச்சு, வெள்ளிக்கெழம சாயங்காலம், ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோவ விட்டா வீடு போய் சேர லேட்டாகும். ஆனா கேட்டுட்டான், சும்மா போக முடியல. அத யாரு எழுப்புவாங்க? என்னேபிள் டிரிகர்ங்கற வார்த்தைய எல்லா ப்ரொசீஜர்லயும் தேடுனோம், இல்ல. எம்எஸ்டிபில (குறிச்ச நேரத்துல தானா ஓடுற ஜாப் விவரமெல்லாம் இருக்குற டேட்டாபேஸ்) சிஸ்ஜாப்ஸ்டெப்ஸ் டேபிள், கமாண்ட் காலம், அங்க தேடுனோம்.

மாசக் கடைசி ஜாப், ரெண்டாவது ஸ்டெப்: என்னேபிள் டிரிகர். மூணாவது ஸ்டெப்: ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் டேபிள்ல இன்சர்ட். நாலாவது ஸ்டெப்: டிஸேபிள் டிரிகர். மாசத்துல ஒரு ராத்திரி, சில நிமிஷம் மட்டும் முழிச்சிருக்குற டிரிகர்.

அதையும் மாத்தி, 10ன்னு லிஸ்ட்ல எழுதி, டிஃபால்ட தூக்கிட்டு, 7 மணி மெட்ரோல போனேன். எக்ஸ்டெண்டட் ஈவெண்ட் செஷன நிறுத்தல.

பிப்ரவரி 28 ராத்திரி வீட்லேருந்து விபிஎன் போட்டு ஃபைல தொறந்து வச்சு உக்காந்திருந்தேன். 11:52க்கு ஒரு வரி விழுந்துச்சு. ரெண்டாவது அடுக்குல அந்தத் தூங்குமூஞ்சி டிரிகர், லைன் 37, எரர் இல்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தம்பிக்கு அனுப்புனேன். அவனும் முழிச்சுத்தான் இருந்திருக்கான், ஒரே வார்த்தைல பதில் வந்துச்சு, பாடப்புத்தகத் தமிழெல்லாம் விட்டுட்டு கிரியோல்ல: "கொரெக்".